பிளவுபடாத கோடு

முதலில் அதன் முகத்தைக் கலைக்க வேண்டியிருந்தது.
வட்டம் தெரிந்தால் கண் கரும்புள்ளியைத் தேடும்.
புள்ளியின் ஆயிரம் காஸ் ஆர்ப்பாட்டத்தில்
மற்றதெல்லாம் அமுங்கிப்போகும்.
எனக்கு வேண்டியது மொத்தம்:
வடக்கும் தெற்கும் ஒன்றையொன்று தின்று தீர்த்தபின்
இலையில் கிடக்கும் மிச்சம்.
எனவே லென்ஸ் இல்லை, பிம்பம் இல்லை.
இரண்டு சமதளக் கண்ணாடி, ஒரு கீற்றுத் துளை.
எட்டாத் தொலைவின் நட்சத்திரம் ஒன்றைப்போல
தலைக்கு மேல் எரிவதைப் பார்க்க.

திசையன்விளைக்குத் தெற்கே
தேரி மணல் சிவக்கத் தொடங்கும் விளிம்பில் கொட்டகை.
வருஷத்துக்கு முந்நூறு நாள் வெயில் என்று
திட்ட அறிக்கையில் எழுதியிருந்தேன்.
காற்றைப் பற்றி எழுதவில்லை.

கண்ணாடி தாங்கும் வளையத்தைப் பேட்டையில் கடைந்தது
மைதீன் பிச்சையின் லேத்.
வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டார்:
"பித்தளையா? இரும்புல செஞ்சா பாதி ரூவாதானே ஆவும்?"
"இரும்பு ஆகாது அண்ணாச்சி. காந்தம் அளக்குற சாமான்."
"எதோட காந்தம்?"
மேலே கையைக் காட்டினேன்.
அவர் அண்ணாந்து
கூரைத் தகரத்தில் ஓட்டை எதுவும் இருக்கிறதா என்று பார்த்தார்.

ஒளிக்கு இடக்கை உண்டு, வலக்கை உண்டு.
சூரியனின் இரும்பு ஆவி வரையும் கருங்கோடு ஒன்று
காந்தம் பட்டால் கைக்கொன்றாகப் பிரியும்.
பிரியும் தூரம்
கோட்டின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.
ஜெபகனி ஒரு படிகத்துக்கு மின்னழுத்தம் கொடுத்து
நொடிக்கு ஐம்பது முறை கை மாற்றி மாற்றிப் பார்க்க வைத்தாள்.
கரண்டும் ஐம்பதுதான்.
மூன்று நாள்
சூரியனுக்குப் பதிலாக மின்வாரியத்தை அளந்துகொண்டிருந்தோம்.
பிறகு எண்பத்து மூன்று.

வைகாசி முழுக்க ஒரே கதை.
காலையில் சாது. இரண்டு மணிக்கு மேல்
இரண்டு காஸ் ஏறும். தினமும்.
ஜெபகனி சந்தோஷப்பட்டாள். எனக்குத் தூக்கம் போயிற்று.
சூரியனுக்கு ஏது மத்தியானம்?
அங்கே இரண்டு மணி என்று ஒன்று கிடையாது.

இரும்பிலேயே இன்னொரு கோடு இருக்கிறது.
பச்சையில், சற்றுத் தள்ளி.
எந்தக் காந்தத்துக்கும் பிளவுபடாது.
இரும்பாய்ப் பிறந்து அப்படி ஒரு பிடிவாதம்.
அதன் பக்கம் கருவியைத் திருப்பினேன்.
பூச்சியம் வர வேண்டிய இடம்.
வந்தது இரண்டு.

அப்படியென்றால் அது எங்களுடையது.

கண்ணாடியைச் சுழற்றும் மோட்டாரைத் திறந்தோம்.
அதன் காந்தத்தில் கறுத்த மீசை முளைத்திருந்தது.
தேரிச் சிவப்புக்குள் ஒளிந்து வந்த இரும்புத் துகள்
பல்சக்கரத்தின் பல்லைத் தின்றிருந்தது.
காலையில் எப்படியோ ஒப்பேற்றிவிடும்.
மதியம் கடல்காற்று வந்து கண்ணாடியைத் தள்ளும்போது
தளும்பும்.
பித்தளைக்கு நான் கொடுத்த காசையெல்லாம் பார்த்து
அந்த மீசை சிரித்த மாதிரி இருந்தது.

ஆவணியில் புதுச் சக்கரம், ரப்பர் உறை.
பச்சைக் கோட்டில் பூச்சியம்.
ஒரு நாளல்ல, ஒன்பது நாள் பூச்சியம்.
ஒன்றுமில்லாததைப் பார்த்து அப்படி யாரும்
கைதட்டியிருக்க மாட்டார்கள்.
பிறகுதான் அந்த இன்னொரு கோட்டுக்குப் போனேன்.

மைதீன் பிச்சை போன் பண்ணினார்.
"எவ்வளவு இருக்கு?"
"அரை காஸ்கூட இல்லை அண்ணாச்சி.
உங்க திருப்புளி நுனியில இதைவிட ஜாஸ்தி இருக்கும்."
"மொத்தச் சூரியனுக்குமா?"
"மொத்தத்துக்கும்."
லேத் ஓடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.
"அதுக்கா பித்தளை?"

ஆமாம் என்றேன்.
பதிமூன்று பதினான்கு நாளில்
சூரியன் தன் மறுபக்கத்தைக் காட்டும், குறி மாற வேண்டும்.
மாறாவிட்டால்
மறுபடியும் பேட்டைக்கு வருவேன்.